வீடியோவை எங்கே நிறுத்துவது?

இணைய வீடியோப் பாடங்களைக் கல்லூரி வகுப்போடு சேர்த்து நடத்துவது பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: 45 நிமிட விரிவுரை வீடியோ ஒன்றின் லிங்க்கை 60 மாணவர்களுக்கு அனுப்பினேன். மறுநாள் விசாரித்தால் பத்துப் பேர்கூட முழுசாகப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அது நல்ல வீடியோ. என்ன செய்தால் பார்ப்பார்கள்?
— வேதியியல் விரிவுரையாளர்

பதில்: முதலில் நீளம். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்பது அதில் தெரியவந்தது. இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஆறு ஆறு நிமிடமாக நறுக்கத் தேவையில்லை. அவர்கள் தாங்களாக வந்து சேர்ந்த இணைய மாணவர்கள். உங்கள் மாணவர்களுக்குத் தேர்வும் இருக்கிறது, மறுநாள் உங்கள் முகத்தில் விழிக்கவும் வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நறுக்குவதைவிடக் கேள்வியைப் பார்த்து நறுக்குவது நல்லது. ஒரு துண்டு, ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க 4 நிமிடம் போதுமென்றால் 4, 11 நிமிடம் வேண்டுமென்றால் 11.

உங்கள் 45 நிமிட வீடியோவை வெட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. யூடியூபில் பகிர் பொத்தானை அழுத்தும்போது ‘தொடங்கும் நேரம்’ என்றொரு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்தால் லிங்க் அந்த நொடியிலிருந்தே திறக்கும். எந்த நிமிடத்தில் முடிப்பது என்பதை லிங்க்குக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

நீளத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ‘பார்த்துட்டு வாங்க’ என்று சொன்னால், பார்த்தவனுக்கும் பார்க்காதவனுக்கும் மறுநாள் வகுப்பில் எந்த வித்தியாசமும் இருப்பதில்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதி அனுப்பிப் பாருங்கள்: “12:40 முதல் 18:10 வரை பாருங்கள். தாங்கல் கரைசலில் சிறிது அமிலம் விட்டும் பிஎச் ஏன் பெரிதாக மாறவில்லை? சமன்பாடு ஒன்றும் இரண்டு வரி விளக்கமும் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். வகுப்பு அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கும்.” எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, கையில் எதைக் கொண்டு வருவது, அது எதற்குப் பயன்படும் என்ற நான்கும் அதில் இருக்கின்றன.

பிறகு வகுப்பில் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டிய இடம் வருகிறது. பாதிப் பேர் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மனம் கேட்காமல் அதே பாடத்தைக் கரும்பலகையில் திரும்ப நடத்தத் தோன்றும். நடத்தாதீர்கள். ஒரே ஒரு முறை நடத்தினாலும், ‘எப்படியும் சார் சொல்லிடுவார்’ என்பது எல்லாருக்கும் புரிந்துவிடும். பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏமாந்தவர்கள் ஆவார்கள். பார்க்காதவர்களைக் கடைசி வரிசையில் ஹெட்போனோடு உட்காரவைத்து அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். ஆறு நிமிடம்தானே! மற்றவர்கள் அடுத்த கணக்குக்குப் போகட்டும். மூன்று வகுப்பு இப்படி நடந்தால் கடைசி வரிசை தானாகக் காலியாகும்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நிறுத்தி நிறுத்தி எழுதிப் பார்ப்பவருக்கு 10 நிமிட வீடியோ 20 நிமிட வேலை. ஐந்து பாடத்துக்கும் ஐந்து ஆசிரியர்கள் ஒரே மாலையில் ஆளுக்கு 20 நிமிட வீடியோ அனுப்பினால் மாணவருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். துறைக்குள் பேசி, ஒரு நாளைக்கு இரண்டு பாடத்துக்கு மேல் வீடியோ வேண்டாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: “வீடியோ சூப்பர் மேடம், நல்லா புரிஞ்சுது” என்கிறார்கள். தேர்வில் அதே கருத்தைக் கேட்டால் தவறாக எழுதுகிறார்கள். பொய் சொல்கிறார்களா?
— இயற்பியல் பேராசிரியை

பதில்: பொய் சொல்லவில்லை, மேடம். புரிந்தது என்றே நம்புகிறார்கள். தெளிவான விளக்கத்தைக் கேட்கும்போது வருகிற நிம்மதியைப் புரிதல் என்று எடுத்துக்கொள்வது எல்லாருக்கும் இயல்பு. கார்டஸ், ஓபிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பலகையில் சிற்றம்பு எறியும் (டார்ட்) வீடியோ போன்றவற்றைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு 20 முறையும் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்களுக்கு ‘நம்மாலும் முடியும்’ என்ற நம்பிக்கை ஏறியது. கையில் அம்பைக் கொடுத்தபோது திறமை ஏறவில்லை.

உங்கள் பாடத்துக்கே பொருந்தும் ஆய்வும் இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் 2008-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், இயக்கவியல் பாடத்தை இரண்டு விதமாக வீடியோ ஆக்கினார். ஒன்றில் நேரடியான, தெளிவான விளக்கம். இன்னொன்றில், மாணவர்கள் மனத்தில் வழக்கமாக இருக்கும் தவறான எண்ணத்தை ஒருவர் சொல்ல, மற்றவர் அதைக் கேள்வி கேட்டு உடைக்கும் உரையாடல். முதல் வகையைப் பார்த்தவர்கள் ‘தெளிவாக இருந்தது’ என்றார்கள். மதிப்பெண் அதிகம் மாறவில்லை. இரண்டாவதைப் பார்த்தவர்கள் ‘குழப்பமாக இருந்தது’ என்றார்கள். மதிப்பெண் நன்றாகவே ஏறியது. ஏற்கெனவே தனக்குத் தெரிந்த விஷயம்தான் என்று நினைப்பவர் வீடியோவைக் கவனித்துக் கேட்பதில்லை. திரையில் சொல்வது தன் எண்ணத்துக்கு மாறானது என்பதே அவருக்கு உறைப்பதில்லை.

ஆகவே வீடியோவை ஓடவிடுவதைவிட எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம். நேர் மேலே எறிந்த பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து உச்சிக்குப் போய், திரும்புவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறது. வீடியோவில் ஆசிரியர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லப் போகிறார். அங்கே நிறுத்துங்கள். “இந்தக் கணத்தில் பந்தின் முடுக்கம் எவ்வளவு? எந்தத் திசையில்? தாளில் எழுதிய பிறகு தொடருங்கள்.” கணிசமான பேர் சுழியம் என்று எழுதுவார்கள். திசைவேகம் சுழியமானால் முடுக்கமும் சுழியம்தானே என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. எழுதிய பிறகு வீடியோ தொடர்கிறது: கீழ்நோக்கி 9.8 மீ/வி². இப்போது அந்த வாக்கியம் அவர்கள் காதில் வேறு மாதிரி விழும், ஏனென்றால் அது அவர்கள் கைப்பட எழுதியதற்கு எதிராக நிற்கிறது. நிறுத்தாமல் ஓடியிருந்தால் “ஆமாம், 9.8, தெரியும்” என்று கடந்து போயிருப்பார்கள். ‘முடுக்கமும் சுழியமானால் பந்து அங்கேயே நின்றுவிடாதா?’ என்ற கேள்வியை அதற்கு அடுத்த வகுப்பில் கேளுங்கள்.

8 நிமிட வீடியோவுக்கு மூன்று நிறுத்தங்கள் போதும். விடை வெளிப்படுவதற்குச் சற்று முன்னால் ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று ஊகிக்க ஒன்று. கணக்கின் நடுவில் அடுத்த படியைத் தானே போட ஒன்று. முடிவில், வீடியோவை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத ஒன்று. கடைசியில் உள்ளதை விட்டுவிடாதீர்கள். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், மூடிவைத்து நினைவுபடுத்தி எழுதியவர்களே முந்தினார்கள். கல்லூரித் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

‘இவர் இப்போது என்ன சொன்னார்?’ என்ற மாதிரிக் கேள்வியை நிறுத்தத்தில் வைக்காதீர்கள். அது காதைத்தான் சோதிக்கும். மென்பொருள் உதவி வேண்டுமானால், மூடுல் என்ற பாட மேலாண்மைத் தளத்தின் புதிய பதிப்புகளில், ஊடாடும் பாடங்களை உருவாக்கும் எச்5பி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. அதன் ‘இன்டராக்டிவ் வீடியோ’ வகையில் யூடியூப் லிங்க்கைக் கொடுத்து, குறிப்பிட்ட நொடியில் கேள்வி எழும்பும்படி வைக்கலாம். அந்த வசதி இல்லையென்றால், “3:20-இல் நிறுத்துங்கள்” என்று லிங்க்குக்குக் கீழே எழுதுவதே போதும்.

கேள்வி: வீடியோவே பாடம் நடத்திவிட்டால் வகுப்பில் ஆசிரியருக்கு என்ன வேலை? 50 நிமிடத்தை எப்படி நிரப்புவது?
— பெயர் வெளியிட விரும்பாத உதவிப் பேராசிரியர்

பதில்: உங்களுக்கு வேலை கூடும். இதுவரை நீங்கள் கரும்பலகையைப் பார்த்து நின்ற நேரத்தில், இனி மாணவர் நோட்டைப் பார்ப்பீர்கள்.

முதல் 7 நிமிடம், வீட்டில் எழுதி வந்த தாளைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிப் படிக்கட்டும். நீங்கள் வரிசைகளுக்கு இடையே நடந்து, திரும்பத் திரும்ப வரும் இரண்டு தவறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த 15 நிமிடம் அந்தத் தவறுகளுக்கு. இதற்கு ஹார்வர்டில் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து கையாண்ட முறை நன்றாகப் பொருந்தும். கருத்துக் கேள்வி ஒன்றை நான்கு விடைகளோடு போடுங்கள். ஒவ்வொருவரும் யாரோடும் பேசாமல் தன் விடையை விரலால் காட்டட்டும். சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதம் பேரிடம் இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு மூன்று நிமிடம் வாதாடச் சொல்லி மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். 30-க்குக் கீழே என்றால் பேசிப் பயனில்லை. குழப்பம் எங்கே என்று நீங்களே விளக்குங்கள். 70-க்கு மேலே என்றால் ஒரு நிமிடத்தில் முடித்து நகருங்கள்.

மிச்சம் ஏறக்குறைய 25 நிமிடம் கணக்கு, வரைபடம், வழக்கு ஆய்வு என்று பாடத்துக்கு ஏற்ற வேலை. இதுவரை வீட்டுப்பாடமாகக் கொடுத்தவற்றில் கடினமானவற்றை இங்கே கொண்டு வாருங்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து திணறியவர் இப்போது உங்கள் பக்கத்தில் திணறுவார். இந்த முறையில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள் 2007-இல் தங்கள் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கியது, வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காக. அது, வீட்டில் வீடியோ, வகுப்பில் பயிற்சி என்ற தலைகீழ் வகுப்பறையாக வளர்ந்ததற்குக் காரணம், வகுப்பில் இப்படி விடுபட்ட நேரம்தான்.

ஒரு பருவம் முழுவதையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் சறுக்கும் மூன்று தலைப்புகளை மட்டும் எடுத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: கிடைக்கும் வீடியோக்கள் எங்கள் பாடத்திட்டத்துக்குச் சரியாக வரவில்லை. செல்போனிலேயே நானே எடுக்கலாம் என்று பார்க்கிறேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவும் எழுத்து மங்கலாகவும் இருக்கிறது.
— கணித விரிவுரையாளர்

பதில்: குரலை முதலில் சரிசெய்யுங்கள். படம் சுமாராக இருந்தாலும் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கேட்கவில்லையென்றால் ஒரு நிமிடத்தில் மூடிவிடுவார்கள்.

கிணற்றுக் குரலுக்குக் காரணம் மைக் அல்ல, தூரம். செல்போன் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும்போது உங்கள் குரலோடு சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் சேர்ந்தே பதிவாகிறது. காலர் மைக்கை வாயிலிருந்து 15–20 செ.மீ. கீழே, சட்டை உரசாத இடத்தில் மாட்டுங்கள். டைல்ஸ் போட்ட காலி அறை வேண்டாம்; திரைச்சீலை, மெத்தை, துணி அலமாரி உள்ள சின்ன அறையில் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். பேசத் தொடங்குமுன் 5 நொடி சும்மா இருங்கள். அந்த அமைதியை மாதிரியாக வைத்துத்தான் ஆடாசிட்டி போன்ற மென்பொருள் பின்னணி இரைச்சலை நீக்கும். முதலில் 30 நொடி பதிந்து, ஹெட்போனிலும் செல்போன் ஸ்பீக்கரிலும் கேட்டுப் பாருங்கள். மாணவர்களில் பலர் ஸ்பீக்கரில்தான் கேட்கப் போகிறார்கள்.

எழுத்துக்கு வருவோம். செல்போனை ஸ்டாண்டில் பொருத்தி, தாளுக்கு நேர் மேலே, குறுக்குவாட்டில் வையுங்கள். முழு ஏ4 தாளைத் திரைக்குள் அடக்கப் பார்ப்பதுதான் எழுத்து சிறுத்துப்போகக் காரணம். அரைத் தாள் மட்டும் தெரியட்டும். எழுத்து ஒரு செ.மீ. உயரம் இருக்கட்டும், பால்பாயின்ட் பேனா வேண்டாம், கறுப்பு அல்லது கரும்நீல ஸ்கெட்ச் பேனா எடுங்கள். வலக்கையால் எழுதுபவர் என்றால் விளக்கு இடப்பக்கம் முன்னால் இருக்க வேண்டும். வலப்பக்கம் வைத்தால் கையின் நிழல் எழுதும் இடத்திலேயே விழும்.

கை திரைக்குள் வரும்போதெல்லாம் படம் வெளிறிப்போய், கை விலகியதும் இருண்டுபோகிறதா? கேமரா வெளிச்சத்தைத் தானாக மாற்றிக்கொண்டே இருப்பதால் வரும் கோளாறு அது. பதியத் தொடங்குமுன் திரையில் தாள் தெரியும் இடத்தை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான செல்போன்களில் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். கறுப்புப் பட்டைகள் படத்தில் ஓடினால் அது விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் நொடிக்கு 25 அல்லது 50 பிரேம் என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஃபிளைட் மோடில் போட மறக்காதீர்கள். ஒன்பதாவது நிமிடத்தில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம்.

பேசும் விதம் பற்றி இரண்டு விஷயம். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். ஐந்து குறிப்புச் சொற்கள் போதும். எழுதிக்கொண்டே பேசுங்கள், எழுதி முடித்த தாளைக் காட்டி விளக்க வேண்டாம். முன்பு சொன்ன 2014 ஆய்விலும், அசையாத ஸ்லைடைவிடக் கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோக்களைத்தான் மாணவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள். எழுதும் வேகத்தில் யோசனையும் நடக்கிறது. ஸ்லைடுதான் வேண்டுமென்றால், அதில் உள்ள வாக்கியத்தை அப்படியே வாசிக்காதீர்கள். கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது வேறு வேகத்தில் கேட்கும். இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும்.

“நேற்று வகுப்பில் பார்த்தோமே”, “அடுத்த வாரம் தேர்வு வருகிறது” போன்ற பேச்சை வீடியோவுக்குள் வைக்காதீர்கள். அதை எல்லாம் லிங்க்கோடு எழுதி அனுப்பலாம். அவை இல்லாத வீடியோ நான்கைந்து ஆண்டு உழைக்கும்.

கேள்வி: இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்தால் பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இது தப்பா?
— மூன்றாம் ஆண்டு மாணவி

பதில்: தப்பில்லை, எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், சாதாரண வேகத்தில் பார்த்தவர்களுக்கும் ஒன்றரை, இரண்டு மடங்கில் பார்த்தவர்களுக்கும் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டரை மடங்குக்குப் போனபோது சரிந்தது. ஆனால் அங்கே காட்டியவை கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் வகைப் பாடங்கள். நிரூபணம், கணக்கு, சுற்றுப்படம் போன்றவற்றில் ஒவ்வொரு படியையும் நீங்களே யோசிக்க வேண்டும். அங்கே ஒன்றேகால் மடங்குக்கு மேல் போகாதீர்கள், கையில் பேனா இருக்கட்டும். மிச்சமாகும் நேரத்தைத் தேர்வுக்கு முந்தைய நாள் இன்னொரு முறை பார்க்கப் பயன்படுத்துங்கள். அதே ஆய்வில், வேகமாக இரண்டு முறை பார்த்தவர்களில், இரண்டாவது முறையைத் தேர்வுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது.

கேள்வி: பல மாணவர்களுக்கு டேட்டா போதாது. வீட்டில் ஒரே செல்போன். வீடியோ வேண்டாம் என்று விட்டுவிடலாமா?
— முதல்வர்

பதில்: கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 480பி தரத்தில் நொடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 7.5 எம்பி, 10 நிமிடத்துக்கு 75 எம்பி. தாளில் எழுதும் வீடியோவில் அசைவது கை மட்டும்தான். அதற்கு அவ்வளவு தேவையில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நொடிக்கு 15 பிரேம், படத்துக்கு 400 கிலோபிட், ஒற்றைத் தட ஒலிக்கு 48 கிலோபிட் என்று மாற்றினால் அதே 10 நிமிடம் சுமார் 34 எம்பியில் அடங்கும். குரல் மட்டும் 64 கிலோபிட்டில் 5 எம்பிக்கும் குறைவு. அதோடு எழுதிய தாள்களின் பிடிஎஃப் ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு படிக்குப் பக்கத்திலும் நிமிடத்தைக் குறித்துவிட்டால், ஒலியைக் கேட்டுக்கொண்டே தாளைப் பார்த்துப் படிக்கலாம்.

வாட்ஸ்அப் போன்ற செயலி வழியே வீடியோவாக அனுப்பினால் அது இன்னும் சுருக்கி எழுத்தை மங்கலாக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொள்ள மதிய இடைவேளையில் நூலகத்தைத் திறந்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். செல்போன் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டுக்கு இன்று கொடுத்து நாளை காலை முடிக்கச் சொல்வது பெரிய அநியாயம். குறைந்தது மூன்று நாள் கொடுங்கள்.

கேள்வி: யூடியூப் வீடியோவை இறக்கி, வெட்டி, கல்லூரித் தளத்தில் போடலாமா?

பதில்: அனுமதி இல்லாமல் இறக்குவதை யூடியூபின் விதிகளே தடுக்கின்றன. லிங்க் கொடுப்பதிலும், அவர்கள் தரும் எம்பெட் வழியே உங்கள் தளத்தில் காட்டுவதிலும் சிக்கல் இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள பாடங்களை உரிமத்தின் நிபந்தனைப்படி பயன்படுத்தலாம். ‘மாற்றம் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தால் வெட்டி ஒட்டிய வடிவத்தைப் பரப்பக் கூடாது. பருவம் தொடங்கும் வாரத்தில் எல்லா லிங்க்கையும் ஒரு முறை திறந்து பாருங்கள். வீடியோக்கள் சொல்லாமல் காணாமல் போகும். ஒவ்வொன்றுக்கும் மாற்று ஒன்றைக் குறித்து வைத்திருப்பது நல்லது.

கேள்வி: யார் பார்த்தார்கள் என்ற கணக்கை வருகைப் பதிவாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பிரவுசரின் ஒரு டேப்பில் வீடியோ ஓட, இன்னொரு டேப்பில் வேறு வேலை நடக்கும். எழுதி வரும் தாள்தான் சாட்சி. வீடியோவின் எந்த நொடியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் பார்வை வரைபடத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள். அதில் திடீரென மேடு எழும் இடம், பலர் திரும்பப் போய்ப் பார்த்த இடம். அங்கே போய்ப் பாருங்கள்: விளக்கம் குழப்பமாக இருக்கும், அல்லது சூத்திரம் எழுதிக்கொள்ளுமுன் திரையிலிருந்து மறைந்திருக்கும். ஆரம்பத்திலேயே பள்ளம் விழுந்தால் உங்கள் முகப்பு இசையும் கல்லூரிச் சின்னமும் நீளம் என்று அர்த்தம்.

கேள்வி: என் வகுப்பில் காது கேளாத மாணவர் ஒருவரும் பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருவரும் இருக்கிறார்கள். வீடியோ அவர்களை ஒதுக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— பொருளியல் ஆசிரியை

பதில்: ஒதுக்காமல் செய்ய முடியும். தானியங்கி சப்டைட்டிலை அப்படியே விடாதீர்கள். கலைச்சொல், எண், ‘இல்லை’ என்ற எதிர்மறை ஆகியவற்றில்தான் அது அதிகம் தவறும், பொருளே தலைகீழாகும். யூடியூபின் சப்டைட்டில் பகுதியில் வரி வரியாகத் திருத்தலாம். 10 நிமிட வீடியோவுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

பார்வைக் குறைபாடுள்ளவருக்குத் திருத்த வேண்டியது உங்கள் பேச்சை. “இது ஏறினால் இது இறங்கும், பாருங்கள், இங்கே வெட்டிக்கொள்கிறது” என்பதில் கேட்பவருக்கு எதுவுமே இல்லை. “விலை ஏறினால் தேவை இறங்கும். இடமிருந்து வலமாகச் சரியும் தேவைக் கோடும், ஏறிச்செல்லும் அளிப்புக் கோடும் சந்திக்கும் புள்ளி சமநிலை விலை” என்றால் படம் காதிலேயே உருவாகிறது. ஒலியை மட்டும் இறக்கிக் கேட்கும் மாணவர்களுக்கும் இதே பேச்சுதான் உதவும்.

கேள்வி: ஆய்வகத்துக்கு முன் வீடியோ காட்டுகிறேன். ஆனாலும் பியூரெட் (கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) பிடிக்கவே தெரியாமல் வந்து நிற்கிறார்கள்.
— ஆய்வக உதவியாளர்

பதில்: எதிரே கேமரா வைத்து எடுத்த வீடியோவில் இடதும் வலதும் பார்ப்பவருக்கு மாறித் தெரியும். செய்பவரின் தோளுக்கு மேலிருந்து, அவர் கண் பார்க்கும் கோணத்தில் எடுங்கள். தரம்பார்த்தல் (ஒரு கரைசலை இன்னொன்றில் சிறிது சிறிதாக விட்டு அளக்கும் சோதனை) முழுவதையும் 15 நிமிடம் காட்டாமல், ஒரு கைவேலைக்கு ஒரு துண்டு என்று 60 முதல் 90 நொடியில் பிரியுங்கள். கழுவி நிரப்புதல் ஒன்று, அளவு படித்தல் ஒன்று, இடக்கையால் குழாயைத் திருகிக்கொண்டே வலக்கையால் குடுவையைச் சுழற்றுதல் ஒன்று, முடிவுநிலை ஒன்று. ஒவ்வொன்றின் கியூஆர் குறியீட்டையும் மேசையிலேயே ஒட்டிவிட்டால், கை தடுமாறும் நேரத்தில் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள்.

சரியானதை மட்டும் காட்டினால் போதாது, தவறையும் அருகில் வைத்துக் காட்டுங்கள். நிரப்பிய பிறகு புனலை எடுக்காமல் விட்டால் அதில் தங்கிய துளி நடுவில் விழுந்து அளவைக் கெடுக்கும். குழாய்க்குக் கீழே முனையில் காற்றுக்குமிழி இருந்து, பாதியில் அது வெளியேறினால், குமிழியின் கன அளவும் செலவான கரைசலாகக் கணக்கில் ஏறிவிடும். பியூரெட்டில் சுழியம் மேலே இருப்பதால், கண்ணைப் பிறைத்தளத்துக்கு (கரைசலின் வளைந்த மேல்மட்டத்துக்கு) மேலே வைத்துப் படித்தால் அளவு குறைவாகவும், கீழே வைத்துப் படித்தால் கூடுதலாகவும் தெரியும். கேமராவை இந்த மூன்று உயரத்திலும் வைத்து ஒரே கரைசல் மட்டத்தை எடுங்கள். இடமாறு தோற்றப் பிழைக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. பினாப்தலீன் என்ற நிறங்காட்டி போட்ட காரத் தரம்பார்த்தலில், வெளிர் இளஞ்சிவப்பு சுமார் 30 நொடி நிலைப்பது முடிவுநிலை. அடர் சிவப்பு என்றால் தாண்டிவிட்டது. இரண்டு குடுவையையும் வெள்ளைத்தாள் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

உள்ளே விடுமுன் மூன்று பியூரெட் படங்களைக் கொடுத்து அளவைப் படிக்கச் சொல்லுங்கள். 0.1 மி.லி. கோடுகள் உள்ள 50 மி.லி. பியூரெட்டில், இரண்டு கோட்டுக்கு நடுவே மதிப்பிட்டு 23.45 என்று இரண்டு தசம இடத்துக்கு எழுத வேண்டும். 23.4 என்று நிறுத்தினவர் அந்த 60 நொடித் துண்டை மறுபடி பார்த்துவிட்டு வரட்டும்.